போர்க்காலக் கால்பந்துப் பருவம் ஒன்றை எழுதுவது எப்படி? அமெரிக்கச் சிறு கல்லூரி அணிகள், 1941–1945

1943 அக்டோபர் தொடக்கத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த சவுத்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, சுமார் 30 மைல் தொலைவிலுள்ள ஆஸ்டினுக்குச் சென்று டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை 14–7 என்ற புள்ளிகளில் வென்றது. மெதடிஸ்ட் சபை நடத்திய ஒரு சிறு கல்லூரி, மாநிலத்தின் பெரும்புள்ளியான அணியை அதன் சொந்த ஊரிலேயே வீழ்த்தியது என்று எழுதினால், அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இராது. ஆனாலும் வாசகர் தவறான கதையையே மனத்தில் கொண்டு போவார். அன்று சவுத்வெஸ்டர்ன் சட்டையணிந்து ஆடியவர்களுள், முன்வரிசையில் கார்டு என்னும் இடத்தில் நின்ற ஸ்பாட் காலின்ஸ் உட்படச் சிலர், அதற்கு முந்தைய ஆண்டுவரை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். அதிகாரிப் பயிற்சிக்காக மரைன் படை அவர்களை ஜார்ஜ்டவுனுக்கு அனுப்பியிருந்தது. ஆகவே அந்த ஆட்டத்தில் டெக்சாஸ் தோற்றதற்கு டெக்சாஸே வளர்த்த கைகளும் ஒரு காரணம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் உலகப் போர்க்காலப் பருவம் ஒன்றை ஆராய்ந்து எழுத விரும்புவோருக்காக இந்தக் கையேடு எழுதப்படுகிறது. இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும், 100 கெஜ நீள ஆடுகளத்தில் அணிக்கு 11 பேராக முன்னேறும் அமெரிக்க ஆட்டம். அன்று செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் இறுதியில் முடிந்த பருவம், சில அணிகளுக்கு மட்டும் ஜனவரி 1 அன்று நடந்த பௌல் எனப்படும் சிறப்பு அழைப்பு ஆட்டங்கள் வரை நீண்டது. சாதாரணக் காலத்தில் இத்தகைய பருவத்தைப் பயிற்சியாளரின் திறமை, ஆட்டக்காரர்களின் அனுபவம், எதிரணிகளின் வலிமை ஆகியவற்றைக் கொண்டு விளக்கிவிடலாம். 1942 முதல் 1945 வரை அப்படி விளக்க முடியாது. அந்த ஆண்டுகளில் ஓர் அணியின் தலையெழுத்தைப் பெரும்பாலும் எழுதியவை படைத்துறையின் ஆணைகளும் அதன் பயிற்சி நாட்காட்டியுமே. எழுதுபவர் முதலில் கையிலெடுக்க வேண்டியவை அவைதாம். ஆட்ட விவரத்தை அதன்பின் எடுத்தால் போதும்.

எந்த ஆண்டு என்பதை முதலில் தீர்மானியுங்கள்

போர்க்காலம் என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது பலரும் செய்யும் பிழை. அந்தப் பருவங்கள் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஒவ்வொன்றும் எழுதுபவரிடம் வேறு கேள்வியை எதிர்பார்க்கிறது.

1941 பருவம் ஏறக்குறைய முழுவதும் அமைதிக்காலத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஓரிகன் மாநிலத்தின் சேலம் நகரிலுள்ள வில்லமெட் பல்கலைக்கழகத்தைப் போன்ற சில அணிகளுக்கு அது வேறுவிதமாக முடிந்தது. ஸ்பெக் கீன் பயிற்றுவித்த அந்த அணி, நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் லர்லைன் என்னும் பயணக் கப்பலில் ஏறி ஹொனலூலு சென்றது. டிசம்பர் 6 அன்று ஹவாய் பல்கலைக்கழகத்திடம் 20–6 என்று தோற்றது. மறுநாள் காலையில் அருகிலுள்ள பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. அடுத்து ஆட வேண்டியிருந்த ஆட்டங்கள் ரத்தாயின. ஊர் திரும்பக் கப்பல் இல்லை. வில்லமெட் ஆட்டக்காரர்கள் கடற்கரையில் முள்வேலி கட்டினார்கள். இராணுவப் பொறியியல் பிரிவு எடுத்துக்கொண்ட புனஹோ பள்ளி வளாகத்தில் துப்பாக்கியேந்திக் காவல் நின்றார்கள். அதே நேரத்தில் ஹொனலூலுவில் சிக்கிய சான் ஹோசே ஸ்டேட் கல்லூரி அணியினர் நகரக் காவல்துறைக்குத் துணை செய்தார்கள். கடைசியில், காயமுற்றவர்களை ஏற்றிவந்த பிரசிடென்ட் கூலிட்ஜ் கப்பலில் நோயாளிகளைப் பராமரித்தபடி, கிறிஸ்துமஸ் நாளன்று வில்லமெட் அணி சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தது.

இத்தகைய பருவத்தை எழுதுபவர் 20–6 என்ற கணக்கோடு நிறுத்திவிட முடியாது என்பது வெளிப்படை. அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாத மற்றொரு வேலையும் உண்டு: எதிரணியைப் பின்தொடர்வது. ஹவாய் பல்கலைக்கழக மாணவர்கள், ஜப்பானிய வம்சாவளியினர் உட்பட, தாக்குதல் நடந்தவுடனே ஹவாய் பிரதேசக் காவற்படையில் சேர்க்கப்பட்டார்கள். 1942 ஜனவரியில் அந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் வம்சாவளியின் காரணமாகவே நீக்கப்பட்டார்கள். அவர்களுள் பலர் அடுத்த மாதம் ஒரு தொண்டர் உழைப்பு அணியாகத் திரண்டார்கள். வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த விருந்தினர் அணி துப்பாக்கி ஏந்திக் காவல் நின்ற கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. விருந்தளித்த வளாகத்தின் கதையையும் அதனருகில் வைத்தால்தான் அந்த டிசம்பர் முழுமையாகும் என்பது என் கருத்து.

1942 பருவம் ஏமாற்றக்கூடியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் வழக்கம்போலத் தோன்றும். பெரும்பாலான கல்லூரிகள் ஆடின. ஆனால் பருவத்தின் நடுவே, நவம்பரில், கட்டாயப் படைச்சேர்க்கைக்கான வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது; டிசம்பர் 1 முதல் பெட்ரோல் பங்கீடு நாடு முழுவதற்கும் வந்தது. அவ்வாண்டின் வெற்றிகளுக்கு அடுத்த ஆண்டில் தொடர்ச்சி இராது என்பதை மனத்தில் கொண்டே எழுத வேண்டும். இதற்கு லூசியானாவின் கிராம்ப்ளிங்கைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. கறுப்பின மாணவர்களுக்கான அந்தச் சிறு கல்லூரிக்கு 1941-இல் பயிற்சியாளராக வந்த எடி ராபின்சன் அப்போது 22 வயது இளைஞர். அவருடைய அணி 1942-இல் ஆடிய 9 ஆட்டங்களிலும் வென்றது. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அடுத்த இரண்டு பருவங்களில் கிராம்ப்ளிங்கிற்கு அணியே இல்லை. ராபின்சன் அந்த இடைவெளியில் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி அணியைப் பயிற்றுவித்தார். 1945-இல் கல்லூரி அணி மீண்டது. பின்னாளில் 408 வெற்றிகளோடு 1997-இல் அவர் ஓய்வு பெற்றார். பதிவேட்டில் 1943, 1944 என்ற இரு வரிகள் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைத் தாண்டிக் குதித்துவிடாமல், அதற்கென்று ஒரு பத்தியேனும் ஒதுக்குங்கள்.

1943 திருப்புமுனையான ஆண்டு. இந்தக் கையேட்டின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. 1944-இல் அணியை மூடியிருந்த சில கல்லூரிகள் திரும்பி வந்தன; 1945-இல் போர் முடிந்து படைவீரர்கள் வளாகத்துக்கு மீளத் தொடங்கினார்கள். இவ்விரு ஆண்டுகளிலும் ஒரே பருவத்துக்குள் அணி பலமுறை உருமாறியிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையே போதும்.

வளாகத்தில் எந்தப் படை இருந்தது?

1943-ஐ எழுதும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது. பயிற்சியாளர் யார், நட்சத்திர ஆட்டக்காரர் யார் என்பனவெல்லாம் இதற்குப் பின்னால் வரட்டும்.

கடற்படை 1943 ஜூலை 1 அன்று வி-12 என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இளம் அதிகாரிகளை உருவாக்குவதற்காக 131 கல்லூரிகளைத் தேர்ந்து, கடற்படையிலும் மரைன் படையிலும் பயிற்சி பெறுவோரை அங்கே மாணவர்களாகச் சேர்த்தது. அவர்கள் சீருடையில் இருந்தார்கள். மாதம் 50 டாலர் சம்பளம் பெற்றார்கள். வாரத்துக்கு 17 பாடநேர அலகுகளோடு ஒன்பதரை மணி நேர உடற்பயிற்சியும் அவர்களுக்குக் கட்டாயம். இவற்றுக்கு நடுவே, கல்லூரி அணியில் சேர்ந்து ஆடவும் கடற்படை அனுமதித்தது. இராணுவமும் தனக்கென்று ஏ.எஸ்.டி.பி. என்னும் சிறப்புப் பயிற்சித் திட்டத்தைக் கல்லூரிகளில் நடத்தியது. ஆனால் அதில் பயிற்சி பெறுவோர் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் ஆடக்கூடாது என்று தடுத்துவிட்டது. வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் 24, கட்டாயப் படிப்புக்கு 24, உடற்பயிற்சிக்கு 6, படைப்பயிற்சிக்கு 5 என்று வாரத்தின் 59 மணி நேரத்தை அட்டவணை விழுங்கியபின், ஆட்டத்துக்கு நேரமில்லை என்பது இராணுவத்தின் வாதம்.

இந்த ஒரு வேறுபாடு நாட்டின் கால்பந்து வரைபடத்தையே மாற்றிவிட்டது. அலபாமா, டென்னசி போன்ற பெரும் பெயர்கள் 1943-இல் வழக்கமான அணியைக் களமிறக்கவில்லை. மாறாக, அதுவரை மாநில எல்லைக்கு வெளியே எவரும் கேள்விப்பட்டிராத கல்லூரிகள் வி-12 பிரிவு கிடைத்த ஒரே காரணத்தால் வலிமை பெற்றன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட அவ்வாண்டின் இறுதித் தரவரிசையில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் சிறிய கொலராடோ கல்லூரி 18-ஆம் இடத்திலும், கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரைச் சேர்ந்த காலேஜ் ஆஃப் தி பசிபிக் 19-ஆம் இடத்திலும் நிற்பதைப் பார்க்கலாம். அதே பட்டியலின் முதல் பத்து இடங்களில் அயோவா பிரீ-ஃபிளைட், கிரேட் லேக்ஸ், டெல் மான்டே, மார்ச் ஃபீல்டு என நான்கு படைமுகாம் அணிகள் உள்ளன.

பசிபிக் கல்லூரியின் கதையில் எழுதுபவரைக் கவிழ்க்கும் இனிப்பு ஒன்று உண்டு. அதன் பயிற்சியாளர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். 1892 முதல் 1932 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 70 வயதானதும் கட்டாயமாக ஓய்வளிக்கப்பட்டவர். தம் 81-ஆம் வயதில் அந்தச் சிறு கல்லூரியை 7 வெற்றி, 2 தோல்வி என்று வழிநடத்தி, ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரு தோல்விகளுள் ஒன்று தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் 6–0 என்று போனது. முதியவரின் மறுமலர்ச்சி என்று எழுதக் கை துடிக்கும். எழுதலாம், ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே, அந்த ஆண்டு பசிபிக் வளாகத்தில் வி-12 பிரிவு இருந்தது என்பதையும், அது அனுப்பிய ஆட்களே அணிக்கு முதுகெலும்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டாக்கின் பெருமை இதனால் குறைவதில்லை. முன்பின் அறியாத, வேறு வேறு முறைகளில் பழகிய ஆட்களைச் சில வாரங்களில் ஓரணியாக்குவது, நான்காண்டு கூடவே வளர்ந்தவர்களை வைத்து ஆடுவதைவிடக் கடினமான வேலை.

ஆட்டக்காரர் பட்டியலைத் தேதிவாரியாகக் கட்டுங்கள்

வழக்கமான பருவத்துக்கு ஒரே ஆட்டக்காரர் பட்டியல் போதும். 1943-க்கும் 1944-க்கும் குறைந்தது இரண்டு பட்டியல்கள் வேண்டும். வி-12 திட்டத்தின் ஆண்டு, 16 வாரம் கொண்ட மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, மார்ச், ஜூலை, நவம்பர் மாதத் தொடக்கங்களில் புதுப் பிரிவைக் கண்டது. நவம்பர் 1 என்பது கால்பந்துப் பருவத்தின் நட்டநடுவில் விழுகிறது. அக்டோபர் இறுதியில் தம் கல்விக்காலம் முடிந்தவர்கள் அடுத்த நிலைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களையும் புதிதாக வந்தவர்களையும் கொண்டு பயிற்சியாளர் மீதிப் பருவத்தை ஓட்டினார். பெரிய கல்லூரிகளும் இதற்குத் தப்பவில்லை. நோட்டர் டேம் அணியின் ஏஞ்செலோ பெர்டெல்லி ஆறு ஆட்டங்களுக்குப் பின் மரைன் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டார். அந்த ஆறு ஆட்டங்களின் வலுவிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான அவ்வாண்டின் ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது, மீதி ஆட்டங்களை ஜானி லுஜாக் ஏற்றுக்கொண்டார். நோட்டர் டேமில் லுஜாக் போன்ற ஒருவர் பின்வரிசையில் காத்திருந்தார். சிறு கல்லூரியில் பின்வரிசை என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆகையால் நீளவாக்கில் ஆட்டத் தேதிகளையும் அகலவாக்கில் ஆட்டக்காரர் பெயர்களையும் இட்டு ஒரு கட்டம் வரையுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் நாளிதழ்ச் செய்தியிலும் தொடக்கத்தில் இறங்கிய 11 பேரின் பெயரும் மாற்று ஆட்டக்காரர்களின் பெயரும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அவற்றைக் கட்டத்தில் நிரப்புங்கள். நவம்பர் முதல் வாரத்தில் ஒரேயடியாகப் பெயர்கள் மறைந்து வேறு பெயர்கள் முளைத்தால், அது இரண்டு அணிகளின் பருவம். அதை ஒரே அணியின் ஏற்றத்தாழ்வாக எழுதக்கூடாது. இந்தக் கட்டத்தை வரையாமல் "பிற்பாதியில் அணி சோர்ந்துவிட்டது" என்று எழுதப்பட்ட கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கட்டத்தில் இன்னொரு விவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொருவரும் 1942-இல் எங்கே ஆடினார் என்பது. பல ஆட்டக்கூட்டமைப்புகள் முதலாண்டு மாணவருக்கும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவருக்கும் இருந்த தடைகளைப் போர்க்காலத்துக்குத் தளர்த்தியிருந்ததால், விசித்திரமான சேர்க்கைகள் சாத்தியமாயின. லாஃபயெட் நகரின் சவுத்வெஸ்டர்ன் லூசியானா இன்ஸ்டிடியூட் 1943-இல் தோல்வியே காணவில்லை. அதில் ஆடிய ஆல்வின் டார்க் முந்தைய ஆண்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். பின்னாளில் பேஸ்பால் ஆட்டத்தில் பெயர் பெற்று, 1948-இல் ஆண்டின் சிறந்த புதுமுகமானவர். ரைஸ் பல்கலைக்கழகத்தின் வெல்டன் ஹம்பிளும் அதே அணியில் இருந்தார். அந்த அணி 1944 ஜனவரி 1 அன்று ஹூஸ்டனில் நடந்த ஆயில் பௌல் ஆட்டத்தில் அர்க்கன்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியை 24–7 என்று வென்றது. தோற்ற அணியும் வி-12 அணியே என்பதைக் குறிப்பிடாவிட்டால், மான்டிசெல்லோ என்னும் சிற்றூரின் கல்லூரி அங்கே எப்படி வந்தது என்று வாசகர் விழிப்பார்.

வராதவர்களின் பெயர்களையும் தேடுங்கள். 1942-இன் ரோஸ் பௌல், மேற்குக் கடற்கரையில் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து என்று கருதி, பாசடீனாவிலிருந்து வட கரோலினாவின் டர்ஹமுக்கு மாற்றப்பட்டது. ஓரிகன் ஸ்டேட் டியூக்கை 20–16 என்று வென்றது. ஓரிகன் ஸ்டேட்டின் ஜாக் யோஷிஹாரா அந்தப் பயணத்தில் இல்லை. ஜப்பானியப் பிறப்புக் கொண்டவர் தம் இருப்பிடத்தை விட்டு 35 மைலுக்கு மேல் செல்லக்கூடாது என்ற கட்டுப்பாடே காரணம். சில மாதங்களில் அவர் குடும்பம் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டது. இவ்வாறே, 1943-இன் ஜார்ஜ்டவுன் நகரச் சவுத்வெஸ்டர்ன் அணியும் 1942-இன் கிராம்ப்ளிங் அணியும் எவ்வளவு வலிமையோடு இருந்தாலும், அன்றைய தென்மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஆடுகளத்தில் மோதுவதை இனப்பிரிவினை அனுமதிக்கவில்லை. தோல்வியே காணாத அணி என்று எழுதும்போது, யாரோடு ஆட முடியாமல் போனது என்பதையும் ஒரு வாக்கியத்தில் பதிவு செய்யலாம்.

ஆட்ட அட்டவணையும் பெயர்க்குழப்பமும்

போர்க்கால அட்டவணை நிலையானதன்று. எதிரணி பருவத்தின் நடுவே கலைந்திருக்கும். அதன் இடத்தில் அருகிலிருந்த விமானப்படைத் தளத்தின் அணி வந்திருக்கும். 1942 தொடக்கத்திலேயே டயர்களுக்குப் பங்கீடு வந்துவிட்டது. வாகனங்களுக்கு மணிக்கு 35 மைல் என்ற வேக வரம்பும் பின்னர் விதிக்கப்பட்டது. வி-12 திட்டத்தில் பயிற்சி பெறுபவர் ஆட்டத்துக்காக 48 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தை விட்டு விலகியிருக்கக்கூடாது. ஆகவே அணிகள் பக்கத்து ஊர்களையே தேடின. எவ்வளவு கடுமை இருந்தது என்பதற்கு ஓர் அளவுகோல்: 1942-இன் இராணுவ–கடற்படைக் கல்விக்கழக ஆட்டம் வழக்கமான பெருநகர அரங்கை விட்டு அனாபொலிஸுக்கு மாற்றப்பட்டது, 10 மைல் சுற்றளவில் வாழ்ந்தோர்க்கு மட்டுமே நுழைவுச்சீட்டு விற்கப்பட்டது.

பெயர்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நாளிதழ் வெறுமனே "சவுத்வெஸ்டர்ன்" என்று அச்சிட்டிருந்தால், அது டெக்சாஸின் ஜார்ஜ்டவுனா, லூசியானாவின் லாஃபயெட்டா, டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் இன்று ரோட்ஸ் கல்லூரி எனப்படும் நிறுவனமா, கான்சாஸ் மாநிலத்தின் சவுத்வெஸ்டர்ன் கல்லூரியா என்று ஊரை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். டெக்சாஸில் "ஏகீஸ்" என்றால் டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்று முடிவுகட்டிவிடக்கூடாது; ஆர்லிங்டன் நகரின் வட டெக்சாஸ் வேளாண் கல்லூரிக்கும் அதே அழைப்புப் பெயர்தான். ஜார்ஜ்டவுன் என்பதைக் கண்டவுடன் வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை நினைத்துவிடுவோரும் உண்டு. கலிபோர்னியாவின் மொராகாவில் சிக்கல் இன்னும் ஆழமானது: செயின்ட் மேரிஸ் கல்லூரி தனக்கென ஓர் அணியை வைத்திருந்தது, அதே வளாகத்தில் இயங்கிய கடற்படை விமானிப் பயிற்சிப் பள்ளி செயின்ட் மேரிஸ் பிரீ-ஃபிளைட் என்ற பெயரில் வேறோர் அணியை வைத்திருந்தது. இடத்தை மட்டும் பார்த்து ஒன்றின் தோல்வியை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

புள்ளிக் கணக்கைப் படிக்கும் முறை

இது சிறிய பகுதி. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்க்கும் டச்டவுனுக்கு 6 புள்ளி, அதற்குப் பின்வரும் கூடுதல் முயற்சிக்கு 1, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3, எதிரணியை அதன் சொந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னால் மடக்கும் சேஃப்டிக்கு 2. இரண்டு புள்ளி தரும் கூடுதல் முயற்சி கல்லூரி ஆட்டத்தில் 1958-இல்தான் வந்தது; ஆகவே 1943-இன் கணக்கில் 8 புள்ளிகளைக் கண்டால் அதைப் பெரும்பாலும் ஒரு டச்டவுனும் ஒரு சேஃப்டியும் என்று படிக்க வேண்டும். கூடுதல் நேரம் என்பது அன்று கிடையாது. வெற்றி, தோல்வி, சமன் என்ற வரிசையில் மூன்று எண்கள் வருவது இதனால்தான்: சவுத்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் 1943 பருவம் 10–1–1 என்று எழுதப்படுகிறது.

1941 முதல் ஆட்டக்காரர்களைத் தடையின்றி மாற்ற விதி இடமளித்தது. இதன் முழு விளைவு 1945 அக்டோபரில் மிச்சிகன் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர், வலிமை மிக்க இராணுவக் கல்விக்கழக அணிக்கெதிராகத் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் தனித்தனி அணிகளை இறக்கியபோதுதான் வெளிப்பட்டது. அந்த ஆட்டத்தில் அவர் 28–7 என்று தோற்றார் என்றாலும் முறை நிலைத்தது. எனவே அதற்கு முந்தைய சிறு கல்லூரி ஆட்டங்களில் ஒரே ஆள் பந்தை ஏந்தி ஓடியவராகவும் எதிரியை மடக்கியவராகவும் வருவது இயல்பு.

பௌல் ஆட்டங்களுக்கு ஆண்டு குறிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சவுத்வெஸ்டர்ன் நியூ மெக்சிகோவை 7–0 என்று வென்ற சன் பௌல் 1944 ஜனவரி 1 அன்று எல் பாசோவில் நடந்தது. அது 1943 பருவத்தைச் சேர்ந்தது. மறுஆண்டு மெக்சிகோ பல்கலைக்கழகத்தை அதே கல்லூரி 35–0 என்று வென்ற சன் பௌல் 1945-க்குரியது என்று சொல்லப்பட்டாலும், பருவம் 1944. இரண்டையும் ஒரே பருவத்தில் போட்டு இரட்டைக் கிண்ணம் என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கே தேடுவது?

தொடங்க வேண்டிய இடம் மாணவர் இதழ். சவுத்வெஸ்டர்னின் மெகாஃபோன், வில்லமெட்டின் கொலீஜியன் போன்றவை பெருநகர நாளிதழ்கள் கண்டுகொள்ளாத செய்திகளைத் தரும்: யார் எந்தப் படைக்கு அழைக்கப்பட்டார், எந்த விடுதி படைப்பயிற்சி பெறுவோருக்குக் கைமாறியது, உணவுக்கூட வரிசை எவ்வளவு நீண்டது என்பவை அங்கேதான் கிடைக்கும். டெக்சாஸ் ஊர் இதழ்களுக்கு வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் போர்ட்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி, ஓரிகனுக்கு ஓரிகன் பல்கலைக்கழகத்தின் மின்னிதழ்த் தொகுப்பு, கலிபோர்னியாவுக்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகம் நடத்தும் நாளிதழ்த் தொகுப்பு ஆகியவற்றை வீட்டிலிருந்தே கட்டணமின்றித் தேடலாம். கல்லூரி ஆண்டுமலரைப் பார்க்கும்போது, இலையுதிர்காலப் பருவம் அடுத்த ஆண்டின் மலரில்தான் இடம்பெறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1943 அணியின் படத்தை 1944 மலரில் தேட வேண்டும்.

ஒரே ஆட்டத்தின் கணக்கு இரு இதழ்களில் வேறுபட்டால், ஆட்டம் நடந்த ஊரின் இதழையும் விருந்தினர் அணியின் ஊரிதழையும் அருகருகே வைத்து, கால்பகுதி வாரியான புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். அச்சுப்பிழை பெரும்பாலும் இந்தக் கூட்டலிலேயே பிடிபடும். படைமுகாம் அணிகளின் பட்டியல்கள் அரைகுறையாக இருப்பதும், ஆட்டக்காரர் பெயருக்குப் பதில் பதவியும் குடும்பப்பெயரும் மட்டும் அச்சாகியிருப்பதும் இயல்பு. அத்தகைய பெயரை வேறொரு சான்று கிடைக்கும்வரை முழுப்பெயராக்க வேண்டாம்.

ஆட்டக்காரர்களின் படைப்பணியைத் தேடுவோர் ஒரு விபத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரின் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் மூண்ட தீ, 1912-க்கும் 1960-க்கும் இடையில் விடுவிக்கப்பட்ட இராணுவத்தினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அழித்துவிட்டது. கடற்படை, மரைன் கோப்புகள் அதில் சிக்கவில்லை. எனவே 1943-இல் வி-12 அணியில் ஆடிய ஒருவரின் பாதையை வளாகத்திலிருந்து பசிபிக் தீவுகள்வரை தொடர முடிகிறது. ஆனால் அதே ஆண்டில், அணியே இல்லாத கல்லூரியில் ஏ.எஸ்.டி.பி. மாணவராக இருந்து, 1944 தொடக்கத்தில் அந்தத் திட்டம் பெருமளவு கலைக்கப்பட்டபோது காலாட்படைக்கு அனுப்பப்பட்டவரின் கோப்பு சாம்பலாகியிருக்க வாய்ப்பு மிகுதி. அத்தகையவர்களுக்கு ஊர் இதழ், படைச்சேர்க்கைப் பதிவு அட்டை, முன்னாள் மாணவர் மடல் ஆகிய மூன்றையும் கொண்டே வாழ்க்கையை ஒட்டவைக்க வேண்டியிருக்கும். விடுவிப்புக்கு 62 ஆண்டுகள் கடந்த கோப்புகளை எவரும் கேட்டுப் பெறலாம் என்பதால், அனுமதிக்கு அஞ்சி இந்த வேலையைக் கைவிட வேண்டியதில்லை.

எழுத உட்காரும்போது

மேற்சொன்னவையெல்லாம் கையில் இருந்தால் எழுத்து தானே வரிசைப்படும். வளாகத்தை முதலில் காட்டுங்கள்: எத்தனை மாணவர் இருந்தார்கள், எந்தப் படை எப்போது வந்தது. அதன்பின் பயிற்சியாளர், பட்டியல், ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சமமான இடம் தர வேண்டியதில்லை. எதிரணியின் பலமோ சொந்த அணியின் அமைப்போ மாறிய ஆட்டங்களுக்கு இரண்டு பத்திகள் கொடுங்கள். மற்றவற்றைத் தேதியும் கணக்குமாக ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுங்கள்.

போர் உவமைகளைத் தவிர்ப்பது நல்லது. கால்பந்து எழுத்தில் படையெடுப்பு, குண்டுவீச்சு, சரணடைதல் என்பவை எளிதில் நுழைந்துவிடும். உண்மையான போரே பக்கத்தில் நிற்கும்போது அவை கூசுகின்றன. இறந்தோரைப் பற்றி எழுதுகையில் பெயர், படைப்பிரிவு, இடம், நாள் ஆகிய நான்கும் உறுதியானால் மட்டும் எழுதுங்கள். குடும்பத்தினர் வெளிப்படையாகப் பகிராத கடிதங்களைப் பயன்படுத்த வேண்டாம்.

பருவத்தின் முடிவை எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி. கடைசி ஆட்டத்தின் இறுதிச் சங்கோடு முடிப்பது வழக்கம். வி-12 அணிகளுக்கு அது பொருந்தாது. அந்த அணிகள் கலைந்தது அடுத்த பணியிட ஆணை வந்த நாளில். அந்த ஆணையின் தேதி கிடைத்தால், யார் எந்த முகாமுக்குப் போனார் என்ற பட்டியலோடு அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். 1946-இல் திரும்பி வந்து தம் பழைய கல்லூரிக்கே மீண்டும் ஆடியவர்கள் இருந்தால், அவர்களை அந்த ஆண்டின் பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டு சட்டைகளிலும் ஆடியவர்களின் பெயர்களைக் கட்டத்தின் கடைசியில் குறித்துவிடுங்கள்.